பிடுங்கிய துணிவேலி

மேட்டில் அடுக்குமாடி எழும்பிய இடத்தில், மண் கீழே வழிந்துவிடாதபடி துணிவேலி கட்டிக் காப்பது அக்காவின் வேலை. கூடப்பிறந்த தம்பி அங்கேயே பொக்லைன் ஓட்டினான். வண்டி திருப்ப இடைஞ்சல் என்று ஒருநாள் வேலியைப் பிடுங்கி எறிந்தான்.

அன்று மாலை கொட்டித் தீர்த்த மழையில் சேறு பாய்ந்து, கீழ்த்தெரு தையல்காரரின் வீட்டுச் சுவரை உடைத்து, அவரை மார்பளவு புதைத்தது. அக்கா வெறுங்கையால் தோண்டி இழுத்தபோது அவர் வாயில் ரத்தம் வழிந்தது.

கோபம் தலைக்கேற மேடேறியவள், மண்வெட்டிக் காம்பால் தம்பியின் தோளில் அடித்தாள்.

"வழியில்லைன்னுதானே எடுத்தேன்க்கா," என்றான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நகர்த்திக் கட்டியிருப்பேனேடா."

மறுபடி அடித்தாள். எலும்பு முறிந்தது.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். அக்காவுக்கு வேலை போனது. தம்பி கையில் கட்டோடு தினமும் அவள் வாசலில் வந்து நிற்கிறான். அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை.