வார்டு ஆபீஸில் சொன்ன வளையல்

யாராவது எனக்கு நல்லது செய்ய வந்தால் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன், பிறகுதான் முகத்தை. இப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் நம்பிய ஒரே இடம் ஒரு தனியார் வங்கி. வழுவழு தரை, கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் உட்காரச் சொல்லும் பெண்கள். பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்ததை எல்லாம் அங்கேதான் போட்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ரங்கூன் வங்கிகளின் வாசல்களில் கூட்டம் நின்றது. வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள். பாஸ் புத்தகம் மட்டும் என் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

கெட்ட நேரத்துக்குச் சீருடைத் துணியை அந்த வருடம் கடனுக்கு எடுத்திருந்தேன். கடன் கொடுத்தவர் தாமுவே மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த நம்ம ஆள். பச்சை லுங்கித் துணி, வெள்ளைச் சட்டைத் துணி எல்லாம் பீஸ் பீஸாக என் வீட்டில் அடுக்கியிருந்தது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் கடனை அடைக்காவிட்டால் என் தையல் மெஷின் அவருக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் தைத்த உடுப்புக்குக் காசு வரும். நடுவில் வங்கிப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. இப்போது வங்கியும் இல்லை, ஜூனும் வரவில்லை. மெஷின் போனால் அடுக்கிய துணியைக் கையாலா தைப்பது?

எதிர்வீட்டுக்காரியும் அவரிடம்தான் மாட்டியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், கீழக்கரைப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்த முஸ்லிம் குடும்பம். அவள் சமூசா விற்கும் கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டி அவர் கொடுத்த காசில் வாங்கியது. எனக்கு மெஷின், அவளுக்கு வண்டி. கெடு இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் வார்டு ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். கடன் தொல்லையில் இருப்பவர்கள் ஞாயிறு காலையில் வரலாம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சயாமா யோசனை சொல்வார், தேவையென்றால் கடன் கொடுத்தவரிடமும் பேசுவார். பர்மாவில் டீச்சரம்மாவையும் படித்த பெண்களையும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். கடைசி வரியில் காசு வாங்கமாட்டோம் என்று போட்டிருந்தது. அந்த வரிதான் என்னை உறுத்தியது.

எங்கள் வார்டு ஆபீஸுக்கு லிஸ்ட் எடுப்பதைத் தவிர வேறு வேலை இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ராத்தங்க வந்த விருந்தாளி யார் என்று ஒரு லிஸ்ட். சாக்கடை வார யார் வருவார், வராதவர் எவ்வளவு கொடுப்பார் என்று ஒரு லிஸ்ட். எங்கள் தெருத் தமிழாட்களிடம் இதற்கெல்லாம் ஒரே பதில் உண்டு: மஷிபூ. பர்மியில் 'இல்லை' என்று அர்த்தம். விருந்தாளியா, மஷிபூ. நகையா, மஷிபூ. தமிழை மறந்துவிட்ட பிள்ளைகள்கூட வார்டு ஆபீஸ் மேஜை முன்னால் எங்கள் பிள்ளைகளாகவே நின்று மஷிபூ சொல்லும். இப்போது யார் யாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று அவர்களே கேட்கப்போகிறார்கள். கடன் கொடுத்தவன் பெயர் வரும், அடகு வைத்த பொருள் வரும், ஒளித்து வைத்ததும் வரும். இதற்கு நாங்களே வரிசையில் நின்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் போட்டாதாங் துறைமுகக் கோடவுனில் மூட்டை கணக்கு எழுதுகிறவர். அவருக்கு எதிலும் சந்தேகம் வராது. "சும்மா போய்க் கேட்டாத்தான் என்ன? தலையவா எடுத்துடுவாங்க?" என்றார்.

"தலைய எடுக்க மாட்டாங்க. தலைக்கு எத்தன காசுன்னு எழுதிக்குவாங்க" என்றேன்.

தெருவில் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் இதையே சொன்னேன். எதிர்வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப போக வேணாங்கிறீங்களா அக்கா?" என்றாள். "போனா உன் இஷ்டம். அப்புறம் என்னிய வந்து கேக்காத" என்றேன். அவள் போகவில்லை. யாருமே போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சயாமா காலியான பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு யாருக்கும் தெரியாமல் நானே போனேன். உதவி கேட்க அல்ல. அந்தச் சயாமாவைக் கையும் களவுமாகப் பிடிக்க. அவளிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லி வைப்பது, அது வெளியே வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் ஆள்காட்டி அவள்தான்.

ஒல்லியான பெண்மணி, அறுபது இருக்கும். பர்மியப் பெண்கள் வழக்கப்படி கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். முன்னால் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. எவ்வளவு, யாரிடம், எப்போது என்று கேட்டாள். எல்லாம் துணிக்கடைக்காரருக்கே தெரிந்த விஷயம் என்பதால் சொன்னேன். "கையில் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேஜை முன்னால் 'இருக்கிறது' என்றேன். மிங்கலாடோனில் சித்தி வீட்டில் ஆறு தங்க வளையல் வைத்திருக்கிறேன் என்றேன். ஆறு என்ற எண் எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. என்னிடம் அப்போது இருந்தது இரண்டு பித்தளை வளையல்.

அவள் முகம் மலர்ந்தது. "அதை விற்க வேண்டாம். எல்லாரும் இப்போது விற்கிறார்கள், நல்ல விலை வராது. கடனை அடைக்க வழி இருக்கிறது, ஜூன்வரை பொறுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டால் போதும்" என்றாள். பிறகு ஏதோ கேட்டாள். அந்த நேரத்தில் நான் நோட்டுக்கு அடியில் கார்பன் தாள் வைத்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டேன். கார்பன் தாள் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நாலு நாளில் துணிக்கடைக்காரர் வந்தார். வழக்கமாக வாசலில் நின்று கத்துகிறவர், அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஆறு வளையல் இருக்குதாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நானென்ன அந்நியனா?" என்றார். ஜூன் கடைசிவரை தவணை, மெஷின் என் வீட்டிலேயே இருக்கும் என்று வார்டு முத்திரையோடு கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், தவணை கிடைத்த சந்தோஷத்தைவிடப் பொய் வெளியே வந்த சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. மாட்டினாயா!

அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொன்னேன். சயாமா காதில் போட்டது நாலு நாளில் கடைக்காரர் வாயில் வந்துவிட்டது, இனி அவரவர் நகைக்கு அவரவர் பொறுப்பு என்றேன். தவணை கிடைத்ததை மட்டும் சொல்லவில்லை. கேட்பவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரி குழம்பவில்லை. கெடு நெருங்கியும் என் மெஷின் சத்தம் நிற்கவில்லையே என்று யோசித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவள் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் கப்பலில் இருக்கிறார், இரண்டு மாதத்தில் பணம் அனுப்புவார் என்று சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை கடைக்காரரிடம் பேசுவதாகச் சயாமா சொல்லி அனுப்பினாளாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சயாமா என் வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்கினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வளையல் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

நான் மெஷின் மேல் கிடந்த துணியை மடித்தேன். அவளே சொன்னாள். கடைக்காரருக்கும் என்னைப் போலவே எதையும் லேசில் நம்புகிற மனசு இல்லை போலிருக்கிறது. மிங்கலாடோனுக்கு பஸ் ஏறிப் போய் என் சித்தியிடமே விசாரித்திருக்கிறார். என்ன வளையல், எந்த வளையல் என்று சித்தி சிரித்திருக்கிறாள். அவர் நேராக வார்டு ஆபீஸுக்கு வந்து பத்துப் பேர் முன்னால் சயாமாவைக் கேட்டிருக்கிறார்.

"இல்லை" என்றேன்.

"ஏன் சொன்னீர்கள்?"

"நீங்கள் வெளியே சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான்."

"வளையல் விஷயத்தை அவரிடம் சொல்லட்டுமா என்று உங்களைக் கேட்டேனே. நீங்கள் தலையாட்டினீர்கள்."

எனக்கு முகம் எரிந்தது. அவமானம்தான், வேறு பெயர் கிடையாது. அப்போதும் முதலில் வாயில் வந்தது என் மெஷின்தான். "தவணையைத் திரும்ப வாங்கிவிடுவாரா?" என்றேன்.

"மாட்டார். முத்திரை போட்டாயிற்று. உங்கள் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது" என்றாள். குடையை விரித்துக்கொண்டே, "நாளைக்கு உங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்காக அவரிடம் பேச வேண்டும். நான் பேசுவதை இனி அவர் கேட்கமாட்டார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதற்காகவே அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அவர் கேட்கவில்லை. கப்பலாவது, பணமாவது, இதுவும் அந்த வளையல் கதைதானே என்றாராம். திருவிழாவுக்கு முந்தின நாள் இரண்டு ஆட்கள் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரி எண்ணெய்ச் சட்டியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் ஓரத்தில் நின்றேன். வெளியே போகவில்லை. போய் என்ன சொல்வது? வார்டு ஆபீஸ் பலகையிலிருந்து அந்தத் தாளையும் யாரோ கிழித்துவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வண்டி போன பிறகு அவள் என் படி ஏறியது அதுதான் முதல் தடவை. மகளுக்குச் சீருடை இரண்டு செட் வேண்டும் என்றாள். அளவு எடுத்தேன். கப்பல் பணம் வந்துவிட்டதாகச் சொன்னாள். என் வழக்கம், உடுப்பைக் கொடுக்கும்போதுதான் காசு வாங்குவேன். தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

"மொத்தத்தையும் இப்பவே வச்சுக்கங்க அக்கா. அப்புறம் தாரேன்னு சொன்னா யாரு நம்புவா? எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கை அதற்குள் நோட்டுகளை எடுத்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே நிற்க, ஒவ்வொன்றாக எண்ணினேன். சரியாக இருந்தது.