தனி மெஷின்

அன்று காலை மில்லில் இருந்தது ஐந்து பேர். மெஷின் பக்கத்தில் நான். கல்லாவில் என் மனைவி. அவளை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் தம்பி. மாட வீதியிலிருந்து கோதுமைத் தூக்கோடு வந்திருந்த மாமி. வாசலில், எங்கள் நோட்டீஸைக் கையில் கசக்கிப் பிடித்தபடி, கால்வாய்க் கரையில் இட்லி, புட்டு விற்கும் அம்மா. அந்தம்மா ஆள் கூட்டி வந்து கலாட்டா செய்தாள் என்று மைத்துனன் பிற்பாடு சொல்லித் திரிந்தது பச்சைப் பொய்.

எங்களுடையது மயிலாப்பூரில் ஒரு மாவு மில். ஒரே மெஷின். நான் எட்டாவதோடு நின்றவன். பெல்ட் அறுந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே ஓட்டிவந்தேன். மைத்துனன் பி.காம். விளம்பரக் கம்பெனி ஒன்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவன்.

"கஸ்டமர் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும் மாமா. நீங்க மாவு அரைக்கிறீங்க, அவ்ளோதான்" என்றான். என் மில்லில், என் காசில் வந்த டீயைக் குடித்துக்கொண்டு.

ஒரு வாரம் மில்லிலேயே நின்று, வந்தவர்களிடம் குறை கேட்டான். எல்லோரிடமும் இல்லை. கால்வாய்க் கரைப் பெண்கள், "அரைச்சு வையி நைனா" என்று டப்பாவை வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். மில்லில் நிற்பவர்கள், தங்கள் மாவில் அடுத்தவர் மாவு கலந்துவிடும் என்று சந்தேகப்பட்டுக் காவல் நிற்பவர்கள். என்னை நம்பாதவர்களாகப் பார்த்துக் கேட்டிருக்கிறான். "எனக்கு முன்னாடி யார் அரைச்சாளோ, என்னத்தை அரைச்சாளோ" என்று அவர்கள் சொன்னதுதான் கஸ்டமர் மனசு என்று முடிவுகட்டினான்.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டாவது மெஷின் வந்தது. இருக்கிற வாடிக்கை போகாமல் புதிதாகவும் ஆள் வந்தால்தான் சங்கிலி திரும்பும். அவனோ நோட்டீஸில் கொட்டை எழுத்தில், 'சுத்த சைவக் குடும்பங்களுக்குத் தனி மெஷின்' என்று போட்டான். பேப்பருக்குள் வைத்து அனுப்பியது போக, மிச்சத்தைக் கால்வாய்ச் சுவரிலும் ஒட்ட வைத்தான். வேண்டாம் என்றேன். "அவன் படிச்சவன், நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி.

இட்லிக்கடை அம்மா நோட்டீஸை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இன்னா நைனா, தனி மெஷினாமே? எம்மாவுல இன்னா, புழுவா நெளியுது?"

"அப்படியில்லம்மா..."

"எப்பிடி இல்ல? இத்தினி வருசமா எனக்குப் பின்னாடிதான் இந்தம்மா கோதுமை அரைச்சுது. செத்தா பூடுச்சு? தோ, குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீது!"

மாமி தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னை ஏன் இழுக்கறே? சுத்தமா இருக்கணும்னு சொன்னேன். நோட்டீஸ் ஒட்டச் சொன்னேனா?"

"மாமா, விடுங்க. இவங்க நம்ம டார்கெட் கஸ்டமரே இல்ல" என்றான் மைத்துனன், சத்தமாக.

"அத்த தமிழ்ல சொல்டா, துட்டு குடுக்காத டீ குடிக்கிறவனே!" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கணக்கு எம்மாம்?"

"எண்பத்திரண்டு" என்று மனைவி சொன்னாள். அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து எழுபது ரூபாயைத் தராசுத் தட்டில் விட்டெறிந்தாள். "கைல இவ்ளோதான் கீது. மிச்சத்துக்கு எங்க தெருவாண்ட வா. எல்லாரும் பாக்க ஒரு இட்லி துன்னுட்டு வாங்கிகினு போ."

மறுநாளிலிருந்து கால்வாய்க் கரையிலிருந்து ஒரு டப்பாகூட வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்க மில்லுக்கு மொத்தமாகப் போய்விட்டார்கள். மாமி மாதம் ஒருமுறை வந்து, புது மெஷினையும் நம்பாமல் காவல் நின்றாள். மைத்துனன் தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்குக் கஸ்டமர் மனசு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டான். அவனோடு எனக்கு இன்றுவரை பேச்சில்லை. சங்கிலி ஏலத்தில் போனது.

அவள் தெருப் பக்கம் நான் தலைகாட்டவில்லை. எல்லோர் முன்னாலும் என்ன கேட்பாளோ என்ற பயம்தான். அவள் பாக்கி அப்படியே நிற்கிறது. பன்னிரண்டு ரூபாய்.