வேப்பிலை கட்டிய வகுப்பு

அறந்தாங்கியிலிருந்து வரும் காலை பஸ் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "மரகதம் டீச்சர் தவறிட்டாங்கம்மா. வெசக் காய்ச்சல். நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். லீவில் தாய்வீடு போனவர். கடைசியாக முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்பு டீச்சர், அவர் பக்கத்து அறையில் சின்னப்பிள்ளைகள் வகுப்பு. அந்த அறையைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தொட்டியில் ஈரமணல், ஒன்றில் தண்ணீர், முறங்களில் புளியங்கொட்டையும் மணமேல்குடிக் கடற்கரைச் சிப்பியும். பிள்ளைகள் தொட்டும் மோந்தும் உருட்டியும் கிடப்பார்கள். "இது என்னன்னு நம்ம முந்திக்கிட்டுச் சொல்லக்கூடாதுங்க. மொதல்ல கை தெரிஞ்சுக்கட்டும்" என்பார்.

ஒரு பங்குனியில் வேம்பு துளிர்த்தபோது, பிள்ளைகள் தடவிப் பார்க்கத் தோதாகக் கொத்துக்கொத்தாக வாசல்நிலையில் கட்டிவிட்டார். ஆர்வத்தில் மனுஷிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்றல்லவா ஊரில் அர்த்தம்? பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்கள். மறுநாள் ஒரு குஞ்சுகூட வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் வராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

வேப்பிலையை அவிழ்த்துவிட்டு வீடு வீடாகப் போனோம். "ஆத்தா எறங்குன எடத்துக்குப் பச்சப்புள்ளைய அனுப்புவாகளா டீச்சர்?" என்றார்கள்.

வியாழக்கிழமை மரகதம் டீச்சர் தொட்டிகளை ஊரணிக்குப் போகும் பாதையோரம் புங்கமரத்தடிக்கு நகர்த்தினார். தன்னந்தனியாக உட்கார்ந்து மணலைப் பிசைந்துகொண்டிருந்தார். தண்ணீருக்குப் போன ஒருத்தியின் இடுப்பிலிருந்து பிள்ளை நழுவி இறங்கி, மணலில் கையை வைத்தது. தாய் வெடுக்கென்று இழுத்தாள், அது வீரிட்டது. மரகதம் டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"எம்புள்ள மண்ணத் தொடுற வயசுக்கு முன்னாடியே அம்மையில போயிருச்சு தாயி. அம்மை இருக்குற எடத்துக்கு ஒம்புள்ளையக் கூப்புடுவனா?"

எத்தனையோ காலம் பக்கத்து அறையில் இருந்தும், மரத்துக்கு அந்தப்பக்கம் நின்று கேட்ட எனக்கே அன்றுதான் தெரியும். அந்தத் தாய் குடத்தைக் கீழே வைத்தாள். பிள்ளையின் கையை விட்டாள். ஊரணியில் போய்ச் சொல்லியிருப்பாள், மறுநாள் வகுப்பு நிறைந்தது.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த வகுப்புதான். இந்தத் திங்கட்கிழமை நானே மணலை நனைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டேன். வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை.

"எங்க டீச்சர் வரட்டும்" என்றார்கள்.