உசுரு மட்டும் கேட்டவள்

வடமதுரைக்குப் பக்கத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போலத்தான் மாரியம்மனிடம் பேசுவாள். ஷிப்டுக்குப் போகும்போது தெருமுனைக் கோயிலைப் பார்த்து, "வாரேன் தாயி, பிள்ளையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் மில் பஸ்ஸில் ஏறுவாள். அந்தப் பிள்ளை தமிழ்மதி, ஒன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே நெஞ்சில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே உதடு நீலம் பூத்துவிடும்.

மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானது. "இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுத்தாம்மா ஓட்டைய அடைப்போம். அதுவரைக்கும் மிஷின் பாத்துக்கும்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வராந்தாவில் முந்தானையை ஏந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"என் பிள்ள உடம்புல உசுரு இருந்தாப் போதும் தாயி. வேற ஒண்ணும் கேக்கல."

உசுரு இருந்தது. ஆபரேஷன் முடிந்து, தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்ததும் பிள்ளை கண் விழித்தது. ஆனால் அந்தக் கண் எதிலும் நிற்காமல் அலைந்தது. கை காற்றில் எதையோ பிடித்தது.

"பஞ்சு பறக்குது. மூக்குல போயிரும், ஊதிவிடு."

முகமூடியும் பச்சை அங்கியுமாக நின்ற முத்துப்பேச்சி ஊதினாள். "அம்மா ஊதிட்டேன் சாமி. போயிருச்சு."

"நீ யாரு அத்த? எங்கம்மா மில்லுக்குப் போயிருக்கு."

முகமூடியை இறக்கி முகத்தைக் காட்டினாள். பிள்ளை மிரண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

வெளியே வந்து புருஷன் காத்தமுத்துவின் கையைப் பிடித்தாள். "ஏங்க, அது நம்ம பிள்ள இல்லங்க. நெஞ்ச நிப்பாட்டுனப்ப அவ உசுரு போயிருச்சு. வேற ஏதோ உசுரு வந்து உக்காந்திருக்கு. நான்தான் தப்பா வேண்டிட்டேன். உசுருன்னு கேட்டேனே ஒழிய, அவ உசுருன்னு கேக்கலயே."

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன் அவன். "கிறுக்கச்சி, மோட்டார நிப்பாட்டித் திரும்பப் போட்டா நம்ம கெணத்துத் தண்ணிதான வரும்? பக்கத்துத் தோட்டத்துத் தண்ணியா வரும்?" என்றான். சொல்லிவிட்டு அவனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நர்ஸ் கௌசல்யாவிடமும் அதையே சொன்னாள். கௌசல்யா சிரிக்கவில்லை.

"அது உங்க பிள்ளதான்க்கா. பெரிய ஆபரேஷன் முடிஞ்சா சில பிள்ளைகளுக்கு இப்படிப் புத்தி குழம்பும். மயக்க மருந்து, வலி, சரியாத் தூங்காதது எல்லாம் சேந்து செய்யிற வேல. டாக்டரும் பாத்துட்டுத்தான் இருக்காரு, பெரும்பாலும் தெளிஞ்சிரும். அவ சொல்றத மறுத்து மல்லுக்கட்டாதீங்க. பக்கத்துல இருந்து வீட்டுப் பேச்சு பேசுங்க."

முத்துப்பேச்சி திரும்பி உள்ளே போனாள். இந்த முறை தன்னை அம்மா என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"உங்கம்மா வர்ற வரைக்கும் நான் இருக்கவா?"

பிள்ளை யோசித்தது. "இரு. எங்கம்மா லேட்டாத்தான் வரும். எப்பவும் லேட்டாத்தான் வரும்."

முத்துப்பேச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றி யாரோ ஒரு அத்தையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்சு பறக்கிறது என்றபோதெல்லாம் ஊதினாள்.

சில நாள் கழித்து, காலை வெயில் ஜன்னலில் ஏறுகிற நேரம், பிள்ளையின் கண் அவள்மேல் வந்து நின்றது.

"அம்மா, ஷிப்டு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு சாமி."

"இங்க ஒரு அத்த இருந்துச்சும்மா. அழுதுக்கிட்டே ஊதி ஊதி விட்டுச்சு. பாவம், அதுக்குப் பிள்ள இல்ல போல."

ஊருக்கு வந்தார்கள். தமிழ்மதியின் உதடு இப்போது நீலம் பூப்பதில்லை. முத்துப்பேச்சி மறுபடி மில்லுக்குக் கிளம்பிய அன்று, பிள்ளை வாசல்வரை வந்தது.

"நீ வர லேட்டாகும்னா அந்த அத்தைய வரச் சொல்லும்மா."

"சொல்றேன் சாமி."

தெருமுனையில் கோயிலைப் பார்த்து நின்றாள். வழக்கமாகச் சொல்வது வாயில் வரவில்லை. எதைச் சொன்னாலும் தப்பாகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. பிள்ளையின் பேரை மட்டும் சொன்னாள். மில் பஸ் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நின்றாள்.