அப்பா வாங்கிய நீல மேட்

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தபோது எனக்கு எட்டு வயது. பழைய கார்தான், ஆனால் அப்பா அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவார். சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போய்வந்தே வண்டி சேறாகிவிடும் என்று, மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற ரப்பர் மேட் வாங்கத் தென்காசிக்கு என்னையும் கூட்டிப்போனார்.

கடையில் கறுப்பு ஒன்றும் நீலம் ஒன்றும் இருந்தன. நான் நீலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, அது பொதுவா எல்லா வண்டிக்கும் போடுதது. டிரைவர் பக்கம் தரையில இருக்க கொக்கியில மாட்டாது. உங்க வண்டிக்குன்னே உள்ளது கறுப்புதான்."

"பிள்ளை ஆசைப்படுதா. நீலமே குடும்," என்றார் அப்பா. நான் கேட்ட எதையும் முதல் தடவையிலேயே வாங்கித் தராத மனிதர், அன்று மட்டும் ஏனோ இளகிவிட்டார்.

நன்றாக இருக்கிற பொருளைத் தூக்கிப்போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பழைய துணி மேட் அப்படியே கிடக்க, அதன்மேலேயே நீலத்தை விரித்தார்.

மறுநாள் ஐந்தருவி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அப்பா, பிசுக்குப் போகாத ஈரக்காலோடு வண்டியை எடுத்தார். அம்மா முன்னால், நானும் தம்பியும் பின்னால். இறக்கத்தில் எங்களுக்கு முன்னே போன வேன் நின்றது. எங்கள் கார் நிற்கவில்லை.

அப்பாவின் வலது முழங்கால் மேலும் கீழும் உதைத்தது. "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க," என்றார், சத்தமே இல்லாமல். அதில்தான் நான் பயந்துபோனேன். அப்பா கத்தினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். வேனின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. செத்துப்போகப் போகிறோம் என்று தெளிவாக நினைத்தேன். தம்பியின் தலையை மடியில் அமுக்கிக்கொண்டேன். அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். பலாப்பழக் கடையின் கம்பு ஒன்றைச் சாய்த்துவிட்டு, கார் சேற்றில் புதைந்து நின்றது.

அப்பா இறங்கிக் குனிந்து, நீல மேட்டை உருவிச் சுருட்டி டிக்கியில் போட்டார். ஈரமாம்.

"என்ன இப்படி ஓட்டுதீய?" என்றாள் அம்மா.

"குரங்கு குறுக்க வந்துட்டு."

குரங்கே வரவில்லை. அப்பாவுக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை, அம்மாவுக்குப் பயந்து புளுகுகிறார் என்று முடிவு கட்டினேன். இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. உண்மை தெரிந்தால் அம்மா காரையே விற்கச் சொல்லிவிடுவாள். பாவம், அப்பா.

"ஆமாம்மா, நானும் பார்த்தேன். வயித்தைக் கட்டிக்கிட்டு ஒரு குட்டிகூட இருந்துச்சு," என்றேன்.

அப்பா திரும்ப ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். மறுநாள் காரில் கறுப்பு மேட் கிடந்தது. நான் கேட்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றிய பெருமையில் வருஷக்கணக்காகத் திரிந்தேன்.

போன மாதம்தான், இனி சொன்னால் என்ன என்று, அன்று குரங்கே வரவில்லை என்பதை அம்மாவிடம் போட்டுடைத்தேன்.

அம்மா சிரித்தாள். "எனக்குத் தெரியாதாக்கும்? மேட்டு நழுவி பிரேக்குக்கு அடியில மடங்கிட்டு. பிள்ளை எடுத்த மேட்டு, அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு அன்னைக்கே உங்கப்பா சொல்லிட்டாவ."

அந்தக் குரங்கு எனக்காக வந்தது என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அதற்கு ஒரு குட்டியையும் கொடுத்திருக்கிறேன்.