பன்னிரண்டு ஜோடி பிளேடுகள்

வேலை முடிந்து அப்பா தெருமுனையில் திரும்பும்போதே அவர் சட்டையின் வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது போல எனக்குத் தோன்றும். சாணைக்கல் இரும்பைத் தொடும் இடத்தில் சூடு ஏறாமலிருக்க ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீரை பட்டறையில் 'கூலண்ட்' என்பார்கள். லேசான புளிப்பும் இரும்புத்தூளும் கலந்த அந்த வாடையை அம்மாவால் எந்த சோப்பைப் போட்டும் எடுக்க முடிந்ததில்லை. மேனாம்பேட்டில் எங்களுக்கிருந்த நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே பிளாட் போட்டு விற்றுத் தீர்ந்தது. அப்பா பத்தாவதோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் மிஷின் முன்னால் நின்றார், நின்றவர் நின்றவர்தான்.

அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே பகை, மேடும் பள்ளமும். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைப் பார்ப்பார். "நூல் புடிச்சா மாரி இருக்கணும்" என்பது அவருடைய பேச்சு. நடுவில் லேசாகக் குழிந்திருந்த எங்கள் வீட்டு தோசைக்கல்லை ஒரு நாள் பட்டறைக்கு எடுத்துப்போய், கண்ணாடி போல மட்டம் செய்து கொண்டுவந்தார். மறுநாள் காலை ஊற்றிய எண்ணெய் நடுவில் நிற்காமல் நாலு பக்கமும் ஓடி அடுப்பில் விழுந்தது. "இருக்கறத இருக்கறா மாரி உடமாட்டாரு இந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

செல்வி அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவுக்குப் பின்னால் யாரோ கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்து, வழக்கில் மாட்டி, வெறும் சிமெண்ட் தரையோடு நின்றுபோன ஓர் இடம் இருந்தது. விடியற்காலையில் அக்காவும் அவள் கல்லூரிப் பெண்களும் சக்கரம் வைத்த ஸ்கேட்ஸைக் கட்டிக்கொண்டு அங்கே ஹாக்கி ஆடுவார்கள். நான் பந்து பொறுக்கப் போவேன். அக்கா ஓடுவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் பக்கெட்டைத் தூக்கச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பவள், அந்தத் தரையில் காலைச் சாய்த்து வளைந்து திரும்பினால் பின்னல் மட்டும் ஒரு நொடி தாமதித்து வந்து சேரும். அவளைப் போல ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு ஆசையே இருந்ததில்லை.

அந்த வருஷம்தான் கல்லூரிகளுக்கான அகில இந்திய ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு ஓர் அணியை அனுப்பலாம் என்று அவர்கள் பி.டி. சார் முடிவு செய்தார். வடக்கே ஒரு மலை ஊர். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கிய மைதானம் தானாக உறைந்துவிடுமாம். எங்கள் தெருவுக்கு ஐஸ் என்றால் மீன்காரம்மா கூடையில் தூளாகக் கிடப்பதுதான். "பொட்டப் புள்ளைங்க ஐஸ் மேல நின்னா சளி புடிச்சிக்காதா?" என்று எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள். கல்லூரி முதல்வருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஓர் ஆட்டமாவது ஜெயித்துவிட்டு வந்தால் அணி தொடரும், இல்லாவிட்டால் இதோடு சரி என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றிலிருந்து சோற்றை அளந்து சாப்பிட்டாள். அவள்தான் அணித் தலைவி.

சார் எங்கிருந்தோ பழைய ஐஸ் ஸ்கேட்ஸ் பன்னிரண்டு ஜோடி வாங்கி வந்தார். சக்கரத்துக்குப் பதிலாக அடியில் நீளமான இரும்பு பிளேடு. கிளம்பும் முன் இவற்றைச் சாணை பிடிக்க வேண்டும், சென்னையில் யாருக்கு இது தெரியும் என்று அவர் தலையைச் சொறிந்தபோது, அக்கா முன்னால் வந்து, "எங்கப்பா கிரைண்டர் சார், அவர் பண்ணித் தருவார்" என்றாளாம். இரண்டு கோணிப்பையில் அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அப்பா ஒரு பிளேடைத் திருகு கழற்றி எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கட்டை விரல் நகத்தால் அடிப்பக்கத்தை நீளவாக்கில் வருடினார்.

"நடுவுல தேஞ்சி பள்ளமா கீது பாரு. ரெண்டு முனையும் வேற தூக்கிகினு கீது. இத்த வெச்சிகினு எப்டிம்மா ஓடுவ?"

"அதனாலதாம்ப்பா உங்ககிட்ட எடுத்துகினு வந்தேன்" என்றாள் அக்கா.

மூன்று நாள் வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மிஷினில் நின்றார். பன்னிரண்டு ஜோடி, இருபத்து நான்கு பிளேடு. ஒவ்வொன்றிலும் இருந்த பள்ளத்தை எடுத்து, வளைவை எடுத்து, நூல் பிடித்த மாதிரி மட்டமாக்கி, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் ஒன்றைப் பிரித்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார், என் மூக்கு அதில் தெரிந்தது. சென்ட்ரலில் அந்த இரண்டு கோணிப்பையையும் யாரையும் தொட விடாமல் அவரே தூக்கிப்போய் ரயிலில் ஏற்றினார். மற்றப் பெண்கள் "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொன்னபோது அவர் வெட்கப்பட்டதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு காலையில் அக்கா ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தாங்கலில் இறங்கினாள். வலது முழங்கால் முழுக்கக் கட்டு. முதல் ஆட்டத்திலேயே பதினான்குக்குப் பூஜ்யம், அத்தோடு ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அப்பா அவளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் அழுது ஓய்ந்து, டீ குடித்த பிறகு, அதுவரை அடக்கிவைத்திருந்ததை மெதுவாகக் கேட்டார்.

"பிளேடு எப்டிம்மா இருந்திச்சி?"

அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சூப்பரா இருந்திச்சிப்பா. யாரு அரைச்சதுன்னு எல்லாரும் கேட்டாங்க."

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்தது. பட்டறையில் போய் எல்லோரிடமும் சொன்னார். அக்காவின் கால் கட்டைப் பார்க்க வந்த உறவுக்காரர்களிடமும் சொன்னார்.

கட்டுப் பிரித்த பிறகு அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் தேய்த்துக்கொண்டே, "நீ ஏன்க்கா ஒழுங்கா நிக்கல?" என்று கேட்டேன். எனக்கு அவள்மேல் கோபம். அக்கா அணி ஜெயிக்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து வைத்திருந்தேன். அக்கா கதவைச் சாத்தச் சொன்னாள். அப்புறம் சொன்னாள்.

ஐஸ் பிளேடின் அடியில் அந்தப் பள்ளம் இருந்தே ஆக வேண்டும். பள்ளத்தின் இரு ஓரங்களிலும் இருக்கிற கூர்தான் ஐஸைக் கவ்விப் பிடிக்கும். முனைகள் தூக்கியிருந்தால்தான் திரும்ப முடியும். மட்டமான பிளேடு ஐஸில் எதையும் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். சக்கரத்தில் ஆடிப் பழகிய இவர்களில் யாருக்கும் அது தெரியாது. சாருக்கும் தெரியாது. மலைப்பாதை அடைபட்டு, பஸ் தாமதித்து, ஆட்டத்தன்று காலையில்தான் போய்ச் சேர்ந்ததால் ஒரு நாள் பழகிப் பார்க்கவும் நேரமில்லை. பன்னிரண்டு பெண்களும் இறங்கிய வேகத்தில் விழுந்தார்கள், எழுந்தார்கள், விழுந்தார்கள். சுற்றி நின்ற கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டது. நிற்கவே முடியாமல் போய்ப் பலகைத் தடுப்பில் மோதியபோது அக்காவின் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரர் ஒருவர் பிளேடைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் விளக்கி, யார் இதை அரைத்தது என்று கேட்டாராம். அக்கா, ஏதோ ஒரு கடையில் என்றாளாம். அவளுடைய பெண்கள் பதினோரு பேரும் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

"அப்பாவாண்ட சொல்லிடாதடி. செத்துடுவாரு" என்றாள். நான் அவள் முழங்கால் மேலேயே கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அணி கலைந்தது. அக்கா அப்புறம் ஸ்கேட்ஸ் கட்டவே இல்லை. படி ஏறும்போது மட்டும் அந்தக் காலைக் கொஞ்சம் இழுப்பாள்.

சத்தியத்தை நான் மூன்று வருஷம் காப்பாற்றினேன். அதைக் காப்பாற்றுவது லேசாக இல்லை, ஏனென்றால் அப்பாவுக்கு இந்தக் கதை ஒரு விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் நூல் புடிச்சா மாரி அரைச்சிக் குடுத்தேன். இந்தம்மாவுக்கு நிக்கத் தெரியல" என்று அக்கா தலையில் செல்லமாகத் தட்டுவார். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து வந்த சித்தப்பாவிடமும் அதையே சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவை பஸ் ஏற்றிவிட அம்மாவும் அக்காவும் போனார்கள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். நான் பதிமூன்று வயதின் அத்தனை திமிரோடும் சொன்னேன்.

"அவளுக்கு நிக்கத் தெரியாம இல்ல. நீங்கதான் பள்ளத்த அரைச்சி எடுத்துட்டீங்க."

"இன்னா பள்ளம்?"

சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் இரும்பு அரைத்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "எல்லா ஜோடியுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்னு அவளாண்ட சொல்லாத கண்ணு. எனக்காவ மூணு வருசமா அடக்கிகினு கீறா. தெரிஞ்சிட்சின்னா அவ ஒடஞ்சி பூடுவா."

அந்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு துண்டுப் பட்டை இரும்பைக் கொண்டுவந்து, அக்கா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் நீட்டினார். சாணைக்கல்லின் ஓரத்தை உருட்டி, அந்த இரும்பில் மயிரிழைப் பள்ளம் ஒன்று எடுத்திருந்தார். "இந்த மாரியா?" என்றார். கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை. எனக்கு என்ன தெரியும், அரைப்பதற்கு முன்னால் அந்தப் பிளேடுகளை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆமாம் என்றேன். "இவ்ளோதான் வேல" என்றார். "ஒரு பிளேடுக்குக் கா மணி நேரம்."

அதற்குப் பிறகு அந்த விளையாட்டுப் பேச்சு வீட்டில் நின்றுபோனது. யாராவது கேட்டால், "எம்பொண்ணு நல்லாத்தான் ஆடுனா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாடியில் துணி எடுக்க அக்கா எழுந்தால் அவளுக்கு முன்னால் இவர் ஏறிவிடுவார். அவளுக்குக் கல்யாணம் ஆகி, திருமழிசையில் வீடு பார்த்தபோது, தரைத்தளம்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். "வயசாக ஆக அப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தியாகுது" என்று அக்கா என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிமெண்ட் தரை இப்போது ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். பட்டறை இருந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் கிடங்கு, வாசலில் எப்போதும் பைக்குகள். அக்காவோடு ஆடிய பதினோரு பேரில் இரண்டு பேரின் முகம்தான் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா போன வருஷம் போய்விட்டார்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது அவள் குரலே மாறியிருந்தது. "கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமப் பாத்துக்கினோம் இல்லடி. எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள். நான் ஆமாக்கா என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அன்றிலிருந்து என்னால் உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை, நீயும் ஏனென்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நேரில் சொல்லத் தைரியம் வராததால்தான் ஊரே படிக்க இதை எழுதுகிறேன். அக்கா, அப்பாவுக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். நீ படி ஏறும்போதெல்லாம் அவர் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னது நான்தான்.