தேற்றாத்தீவுக் கடலில் தொன்மையான பாதம்

காலையில் மட்டக்களப்பு பஸ்ஸில், குருக்கள்மடத்தில் ஏறிய ஐயா ஒருவர் பக்கத்தில் இருந்து போனை நீட்டினார்.

"தம்பி, இதப் பாருங்க. நம்மட தேற்றாத்தீவுக் கடலுக்க ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின நகரமாம். ஆராய்ச்சிக்காரங்க வேணுமெண்டே மறைச்சிப் போட்டாங்களாம்."

வீடியோவில் கரையோரத் தண்ணீருக்குள் ஒரு கிணற்றுக் கட்டுத் தெரிந்தது. அதன் விளிம்பில் சின்னதாக ஒரு பாதம் பதிந்திருந்தது. தெய்வத்தின் பாதமாம். பின்னணியில் உடுக்கைச் சத்தம் வேறு.

"ஐயா, அது எங்கட கிணறு. சீமெந்து காயிறத்துக்கு முதல் தங்கச்சி மிதிச்சிட்டா. அப்பா நல்லா ஏசினவர். சுனாமியில வீடு போயிட்டு, கிணறு மட்டும் நிண்டது. பிறகு கரைய அரிச்சி அதையும் கடல் எடுத்திட்டு."

அவர் வீடியோவை இன்னொருமுறை பார்த்தார்.

"அதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். காணி உறுதிப் பத்திரம், அல்பம், அப்பா, தங்கச்சி. எல்லாம் ஒரே காலையில் அந்தக் கடலோடு போனவை.

"இல்ல ஐயா," என்றேன்.

"பாத்தீங்களா!" என்றார்.

நாவற்குடாவில் இறங்கி அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். கீழே ஆட்கள் வரிசையாகக் கும்பிட்டிருந்தார்கள். நானும் ஒரு லைக் போட்டேன்.

ஏழு வயதில் போன தங்கச்சிக்கு இன்றோடு ஐயாயிரம் வயது. வாழ்த்துகிறவர்கள் கீழே வாழ்த்தலாம். ஆதாரம் மட்டும் கேட்க வேண்டாம்.